சிறு ஏற்றுமதி நிறுவனத்தில் தகவல் தொழில்நுட்பம்: எதை முதலில், எதைப் பிறகு

புதிதாக ஏற்றுமதியில் இறங்கும் சிறு நிறுவனங்களில் பல, கடைசிப் படியிலிருந்துதான் தொடங்குகின்றன. முதலில் வலைத்தளம், பிறகு யாரோ பரிந்துரைத்த ஒரு மென்பொருள். சில மாதம் கழித்துப் பார்த்தால் வெளிநாட்டு வாங்குபவர் விலை கேட்டு அனுப்பும் விசாரணைக்குப் பதில் போக இன்னும் நாலு நாள் ஆகிறது. பேக்கிங் லிஸ்டில் (எந்தப் பெட்டியில் என்ன, எவ்வளவு எடை என்ற பட்டியல்) எடை இன்னும் தப்பாகத்தான் இருக்கிறது. செலவு மட்டும் கூடியிருக்கிறது.

இங்கே தொழில்நுட்பத் திறன் என்று நான் சொல்வது ஒன்றைத்தான். விசாரணை வந்ததிலிருந்து பணம் வங்கிக்கு வரும்வரை, ஒரு தகவல் ஒரே ஒரு முறை பதிவாகி, தேவைப்படும் இடத்துக்கெல்லாம் பிழையில்லாமல் போய்ச் சேர வேண்டும். அதுவும் ஒரு தனி ஆளின் நினைவை நம்பி இருக்கக் கூடாது. கீழே உள்ள படிகளை முன்னும் பின்னுமாக மாற்றிச் செய்யாதீர்கள். ஒவ்வொன்றும் அதற்கு முந்தையது உருவாக்கிய தாளை வைத்துத்தான் நடக்கும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், கடைசியாக அனுப்பிய மூன்று நான்கு சரக்குகளின் முழுக் கோப்புகள்: விசாரணை மின்னஞ்சல், கொட்டேஷன் (விலைக் குறிப்பு), புரோஃபார்மா இன்வாய்ஸ் (சரக்கு அனுப்பும் முன் தரும் முன்விலைப் பட்டியல்), இறுதி இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது), பணம் வந்ததற்கான வங்கிச் சீட்டு. இன்னும் எதுவும் அனுப்பவில்லை என்றால், மாதிரி அனுப்பிய விவரமாவது வேண்டும்.

அடுத்து, பொறுப்பாளர் ஒருவர். கணினியில் கெட்டிக்காரர் வேண்டும் என்று தேட வேண்டாம். தினமும் ஆவணம் தயாரிப்பவரே சரியான ஆள், ஏனென்றால் எங்கே தப்பு வருகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். முதலாளி அந்தப் பொறுப்பைத் தானே வைத்துக்கொண்டால் வேலை இரண்டாம் வாரத்திலேயே நின்றுவிடும்.

மூன்றாவது, நிறுவனத்தின் பெயரிலேயே பதிவான டொமைன் (வலைத்தளமும் மின்னஞ்சலும் இயங்கும் இணைய முகவரிப் பெயர்). வலைத்தளம் செய்து கொடுத்தவர் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிவு செய்து வைத்திருப்பது சர்வ சாதாரணம். அவர் புதுப்பிக்க மறந்தால் உங்கள் மின்னஞ்சல் முழுதும் ஒரே நாளில் நின்றுவிடும். இதை முதல் நாளே சரிபாருங்கள்.

மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். எட்டாம் படி வரைக்கும் ஒரு விரிதாளும், நிறுவனத்தின் கணக்கில் உள்ள ஒரு பகிர்வுக் கோப்புறையும் போதும்.

2. முடிந்த ஒரு ஆர்டரைப் பின்தொடருங்கள்

மேலே சொன்ன கோப்புகளில் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: யார் செய்தார், தகவலை எங்கிருந்து எடுத்தார், எங்கே மறுபடி தட்டினார். பெட்டியின் எடை கொட்டேஷனில் ஒருமுறை, பேக்கிங் லிஸ்டில் ஒருமுறை, ஃபார்வேர்டருக்கு (சரக்குப் போக்குவரத்தை ஏற்பாடு செய்பவர்) அனுப்பிய மின்னஞ்சலில் ஒருமுறை, சுங்க முகவருக்கு வாட்ஸ்அப்பில் ஒருமுறை என்று தட்டப்பட்டிருக்கும். நான்கில் ஒன்று மட்டும் வேறாக இருந்தால்கூட சரக்கு நின்றுவிடலாம்.

மறுபடி தட்டும் இடங்களுக்குச் சிவப்பு வட்டம் போடுங்கள். காத்திருந்த இடங்களுக்கு வேறு நிறம். பெரும்பாலும் இரண்டும் ஒரே இடத்தில் விழும். தகவல் ஒருவரின் கைபேசியில் மாட்டிக்கொண்டு, அவர் வரும்வரை எல்லோரும் காத்திருப்பார்கள். இனி வரும் படிகளில் எதற்கு நேரம் கூடுதலாகத் தர வேண்டும் என்பதை இந்தத் தாள்தான் சொல்லும்.

3. பொருள் தாள்

மொத்த வேலையில் அதிக நேரம் எடுப்பது இதுதான், எடுக்கவும் வேண்டும். விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி. நெடுவரிசைகள் குறைந்தபட்சம் இவை: சொந்தப் பொருள் எண், இன்வாய்ஸில் வர வேண்டிய அதே சொற்களில் பெயர், எச்.எஸ். குறியீடு (சுங்கத்துக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்), உற்பத்தி நாடு, பெட்டிக்கு எத்தனை, நிகர எடை, மொத்த எடை, பெட்டியின் நீளம், அகலம், உயரம், ஆயுட்காலம் உண்டென்றால் அது, சான்றிதழ்கள், அவை காலாவதியாகும் நாள்.

எச்.எஸ். குறியீட்டில் புதியவர்கள் இரண்டு இடங்களில் விழுகிறார்கள். முதல் ஆறு இலக்கங்கள்தான் உலகம் முழுதும் பொது. உலகச் சுங்க அமைப்பு வகுத்தவை. அதற்குப் பின்னால் வரும் இலக்கங்கள் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே உங்கள் நாட்டின் முழுக் குறியீட்டை வாங்குபவரிடம் அப்படியே தள்ளிவிடக் கூடாது. பொது ஆறு இலக்கத்துக்கு ஒரு நெடுவரிசை, உள்நாட்டுக் குறியீட்டுக்கு ஒன்று, போகும் நாட்டுக் குறியீட்டுக்கு ஒன்று என்று மூன்று வையுங்கள். மூன்றாவதை வாங்குபவரிடமோ அவருடைய சுங்க முகவரிடமோ கேட்டு நிரப்புங்கள். இப்போது நடப்பில் உள்ளது 2022-ஆம் ஆண்டுப் பதிப்பு. அடுத்தது 2028 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வருகிறது. எந்தப் பதிப்பைப் பார்த்து எழுதினீர்கள் என்றும் குறித்து வைத்தால் அன்றைக்குத் தேடி அலைய வேண்டாம்.

இரண்டாவது குழி விரிதாளுடையது. முழு மிளகின் குறியீடு 090411. அதை எக்செலில் எண்ணாகத் தட்டினால் முன்னாலுள்ள பூஜ்யம் மறைந்து 90411 என்று நிற்கும். எச்.எஸ்.-இன் முதல் ஒன்பது அத்தியாயங்களுக்கும், அதாவது மீன், பால், காய்கறி, பழம், காபி, தேயிலை, நறுமணப் பொருள் விற்கும் எல்லோருக்கும், இந்தத் தொல்லை உண்டு. தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். தட்டிய பிறகு மாற்றினால் போன பூஜ்யம் தானாகத் திரும்பி வராது.

அளவுகளைச் சென்டிமீட்டரிலும் கிலோவிலும் மட்டும் எழுதுங்கள். அங்குலம் ஒரு வரியில், சென்டிமீட்டர் ஒரு வரியில் என்று கலந்தால் சூத்திரம் தப்பான விடையை அமைதியாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கன அளவு நெடுவரிசையைக் கையால் நிரப்பாமல் சூத்திரமாக வையுங்கள். 60 × 40 × 40 சென்டிமீட்டர் பெட்டி என்றால் 96,000 கன சென்டிமீட்டர். பத்து லட்சத்தால் வகுத்தால் 0.096 கன மீட்டர்.

பக்கத்திலேயே விமானத்துக்கான கன எடையையும் (பெட்டி அடைக்கும் இடத்தை வைத்துக் கணக்கிடும் எடை) போடுங்கள். விமானச் சரக்கில் வழக்கமாகக் கன சென்டிமீட்டரை 6,000-ஆல் வகுக்கிறார்கள். கூரியர்கள் பலர் 5,000-ஆல். மேலே சொன்ன பெட்டி முதல் கணக்கில் 16 கிலோ, இரண்டாவதில் 19.2 கிலோ. உண்மை எடை 11 கிலோவாக இருந்தாலும் கட்டணம் பெரிய எண்ணுக்குத்தான். இந்த நெடுவரிசை இல்லாமல் மாதிரிப் பெட்டிக்கு விலை சொன்னவர்கள் லாபத்தைக் கூரியரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

எடையைத் தராசில் வைத்து எழுதுங்கள். "சுமார்" வேண்டாம். கடல்வழிக் கண்டெய்னருக்குச் சரிபார்க்கப்பட்ட மொத்த எடையைக் கப்பல் நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும் என்பது 2016 ஜூலை 1 முதல் உலக விதி. அந்த எடையைக் கூட்டிக் கணக்கிடும் முறையில் கொடுத்தால், உங்கள் தாளில் உள்ள ஒரு பெட்டியின் பிழை பெட்டிகளின் எண்ணிக்கையால் பெருகிப் போய் நிற்கும்.

தேதியும் எண்ணும் எழுதும் முறையையும் இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். 03/04 என்பது சில நாடுகளில் ஏப்ரல் 3, சில நாடுகளில் மார்ச் 4. ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசை எங்கும் குழப்பம் தராது. 1.250 என்பதை ஐரோப்பாவில் பல நாட்டினர் ஆயிரத்து இருநூற்றைம்பது என்று படிப்பார்கள். வெறுமனே டாலர் என்று எழுதாமல் மூன்றெழுத்து நாணயக் குறியீட்டைப் போடுங்கள். டாலர் என்ற பெயரில் பல நாணயங்கள் இருக்கின்றன.

4. மின்னஞ்சலைச் சரிசெய்யுங்கள்

விற்பனைக்கு ஒரு பொது முகவரி வேண்டும், அதைக் குறைந்தது இரண்டு பேர் பார்க்க வேண்டும். விடுப்பில் போனவரின் தனி முகவரியில் விசாரணை கிடந்தால், அதை வேறு யாரோ விற்றுவிடுவார்கள்.

பிறகு டொமைனில் மூன்று பதிவுகள்: எஸ்.பி.எஃப். (உங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப உரிமையுள்ள சர்வர்களின் பட்டியல்), டி.கே.ஐ.எம். (கடிதத்தில் சேரும் மின் கையொப்பம்), டிமார்க் (சோதனையில் தவறும் கடிதத்தை என்ன செய்வது என்ற அறிவிப்பு). உங்கள் பெயரில் வரும் கடிதம் உண்மையிலேயே உங்களிடமிருந்து வந்ததா என்று வாங்குபவரின் சர்வர் பார்ப்பது இவற்றை வைத்துத்தான். இவை இல்லாவிட்டால் கொட்டேஷன் ஸ்பேம் பெட்டிக்குப் போகும், வாங்குபவருக்கு விலை பிடிக்கவில்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு: செய்திமடலுக்காக இன்னொரு அஞ்சல் சேவையைச் சேர்க்கும்போது இரண்டாவதாக ஒரு எஸ்.பி.எஃப். வரியைப் போட்டுவிடுவது. ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்.பி.எஃப். பதிவுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் அந்தச் சோதனையே பிழை என்று முடியும். புதிய சேவையைப் பழைய வரிக்குள்ளேயே சேர்க்க வேண்டும்.

டிமார்க்கை எடுத்த எடுப்பில் கடுமையாக வைக்காதீர்கள். முதலில் அறிக்கை மட்டும் கேட்கும் நிலையில் வைத்து, உங்கள் பெயரில் எந்தெந்தச் சேவை அஞ்சல் அனுப்புகிறது என்று சில வாரம் பாருங்கள். எல்லாம் சரியான பிறகு ஒதுக்கி வைக்கும் நிலைக்கும், கடைசியாக நிராகரிக்கும் நிலைக்கும் போங்கள். இந்த வரிசையை மீறினால் உங்கள் சொந்த இன்வாய்ஸே திரும்பி வரும்.

எல்லாக் கணக்குகளுக்கும் இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சோதனையும்) கட்டாயம். வாட்ஸ்அப் உரையாடலை நிறுத்தச் சொல்ல மாட்டேன், நிறுத்தவும் முடியாது. ஆனால் விலை, அளவு, தேதி மூன்றும் அங்கே பேசி முடிந்தால், அன்றே பொது முகவரியிலிருந்து ஒரு உறுதிக் கடிதம் போக வேண்டும்.

5. விசாரணைப் பதிவேடும் கொட்டேஷனும்

ஒவ்வொரு விசாரணைக்கும் ஒரு வரி: வந்த நாள், நாடு, பொருள், எந்த வழியாக வந்தது, முதல் பதில் போன நாள், கொட்டேஷன் எண், முடிவு. தோற்றதென்றால் ஏன் என்றும் எழுதுங்கள். "விலை" என்று எழுதிவிட்டுப் போகாமல், விலையா, குறைந்தபட்ச அளவா, சான்றிதழா, தாமதமா என்று ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். சும்மா எழுதவிட்டால் எல்லோரும் விலையைத்தான் எழுதுவார்கள். அதுதான் யார்மேலும் பழி வராத பதில்.

கொட்டேஷன் படிவம் பொருள் எண்ணைக் கொடுத்தால் பெயர், குறியீடு, எடை, கன அளவு எல்லாவற்றையும் பொருள் தாளிலிருந்து தானே எடுக்க வேண்டும். தேடி எடுக்கும் சூத்திரம் ஒன்றைப் போட்டால் முடிந்தது. மூன்றாம் படியைத் தள்ளிப்போட்டவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

படிவத்தில் காலியாக விடவே கூடாதவை நான்கு. ஒன்று, இன்கோடெர்ம்ஸ் 2020 விதியும் (செலவும் பொறுப்பும் விற்பவரிடமிருந்து வாங்குபவருக்கு எங்கே மாறுகிறது என்று சொல்லும் சர்வதேச விதி) இடத்தின் பெயரும் சேர்ந்து. அந்த விதிகளில் ஒன்றான எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றித் தருவது) என்று மட்டும் எழுதி எந்தத் துறைமுகம் என்று சொல்லாத கொட்டேஷன் பாதி விலைதான் சொல்கிறது. சரக்கைக் கண்டெய்னர் முனையத்தில் ஒப்படைப்பவர்களுக்கு எஃப்.ஓ.பி.யைவிட எஃப்.சி.ஏ. (குறித்த இடத்தில் வாங்குபவரின் போக்குவரத்துக்காரரிடம் ஒப்படைப்பது) பொருத்தம். எஃப்.ஓ.பி.யில் சரக்கு கப்பலில் ஏறும்வரை பொறுப்பு உங்களுடையது, முனையத்தில் என்ன நடக்கிறது என்பது உங்கள் கையில் இல்லை. இரண்டு, நாணயம். மூன்று, விலை எந்த நாள் வரை செல்லும். நான்கு, தயாராகும் காலம் எதிலிருந்து எண்ணப்படுகிறது: ஆர்டர் நாளிலிருந்தா, முன்பணம் வந்த நாளிலிருந்தா? சச்சரவுகளில் பாதி இந்த நான்காவதில்தான்.

திருத்தம் வந்தால் பழைய கோப்பின்மேல் எழுதாதீர்கள். அதே எண்ணுக்குப் பின்னால் பதிப்பு 2, பதிப்பு 3 என்று போகட்டும்.

6. ஆவணங்கள்: ஒரு பதிவுத் தாள், பல படிவங்கள்

புதியவர்கள் எல்லோரும் செய்வது இது: போன சரக்கின் இன்வாய்ஸைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, மாற்ற வேண்டியதை மாற்றுவது. ஒன்பது இடங்களை மாற்றுவார்கள்; பத்தாவதில் பழைய வாங்குபவரின் பெயரோ பழைய கண்டெய்னர் எண்ணோ நிற்கும். அது வெறும் பிழை மட்டுமா? உங்கள் இன்னொரு வாடிக்கையாளர் யார் என்றும் அது சொல்லிவிடுகிறது.

அதற்குப் பதிலாக, சரக்குக்கு ஒரு காலிப் பதிவுத் தாள். வாங்குபவர், பொருள் எண்கள், பெட்டிகளின் எண்ணிக்கை, கப்பல் விவரம், பணம் தரும் முறை ஆகியவை அங்கே ஒருமுறை பதிவாகும். புரோஃபார்மா, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஃபார்வேர்டருக்கான அறிவுறுத்தல் எல்லாம் அந்தத் தாளிலிருந்து நிரம்பும். படிவங்களின் கட்டங்களைப் பூட்டி வையுங்கள்; திருத்தம் எதுவானாலும் பதிவுத் தாளில் மட்டும்.

கண்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியாக ஒரு சரிபார்ப்பு இலக்கம். அந்தக் கடைசி இலக்கத்தைக் கணக்கிட்டு ஒப்பிடும் சூத்திரத்தைப் பதிவுத் தாளில் சேர்த்தால் தட்டச்சுப் பிழை அங்கேயே சிவப்பாகத் தெரியும்.

எல்.சி. (சரியான ஆவணங்களைக் கொடுத்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) வழியாகப் பணம் வருகிறதென்றால் இந்தப் படியின் மதிப்பு பல மடங்கு. எல்.சி.க்கான சர்வதேச விதித் தொகுப்பான யூ.சி.பி. 600-இன்படி, இன்வாய்ஸில் உள்ள பொருள் விவரம் எல்.சி.யில் உள்ளதோடு பொருந்த வேண்டும்; மற்ற ஆவணங்களின் தகவல் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கக் கூடாது. மூலக் கப்பல் ஆவணம் அடங்கிய ஆவணத் தொகுப்பை, சரக்கு ஏறிய நாளிலிருந்து 21 நாள்களுக்குள், எல்.சி. காலாவதியாகும் முன், சமர்ப்பிக்க வேண்டும். எல்.சி.யே இன்னும் குறைவான நாள் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. ஏறிய நாளைப் பதிவுத் தாளில் போட்டதும் கடைசி நாள் தானாகத் தெரியும்படி செய்யுங்கள். எல்.சி.யின் பொருள் வரியைக் கையால் தட்டாமல், வந்த பிரதியிலிருந்து எழுத்து மாறாமல் ஒட்டுங்கள், அதில் இலக்கணப் பிழை இருந்தாலும்கூட.

பில் ஆஃப் லேடிங்கின் வரைவு வந்ததும் அதைத் தயாரித்தவரைத் தவிர இன்னொருவர் பதிவுத் தாளோடு ஒப்பிட வேண்டும். வரைவில் திருத்துவது ஒரு மின்னஞ்சல் வேலை. கப்பல் கிளம்பிய பிறகு திருத்துவது பணமும் நாளும்.

7. பணம் வரும் வழியைக் காப்பது

ஏற்றுமதியில் மின்னஞ்சல் மோசடி பெரும்பாலும் உங்களிடமிருந்து பணத்தை எடுப்பதில்லை. உங்களுக்கு வர வேண்டிய பணத்தை வேறு பக்கம் திருப்புகிறது. யாரோ ஒருவர் அஞ்சல் பெட்டிக்குள் புகுந்து வாரக்கணக்கில் படித்துக்கொண்டிருப்பார். பணம் வரும் நேரம் பார்த்து, ஒரே ஒரு எழுத்து மாறிய டொமைனிலிருந்து, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று வாங்குபவருக்கு எழுதுவார்.

தடுப்பு எளிது, ஆனால் முன்கூட்டியே செய்ய வேண்டும். ஒவ்வொரு புரோஃபார்மாவிலும், வங்கி விவரம் மின்னஞ்சலில் ஒருபோதும் மாறாது, மாறியதாக வந்தால் ஏற்கெனவே தெரிந்த தொலைபேசி எண்ணில் அழைத்துக் கேளுங்கள் என்று ஒரு வரி. சந்தேகக் கடிதத்தில் உள்ள எண்ணில் அழைப்பது பயனில்லை. அது அவர்களுடைய எண்ணாகவே இருக்கும்.

அஞ்சல் பெட்டியின் அமைப்பில் தானியங்கி முன்னனுப்பு விதிகளை (வரும் கடிதத்தைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்புபவை) மாதம் ஒருமுறை பாருங்கள். நீங்கள் போடாத விதி அங்கே இருந்தால் யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள். கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது: அந்த விதியை நீக்கி, திறந்திருக்கும் எல்லா அமர்வுகளையும் மூட வேண்டும். பணம் தப்பாகப் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே வாங்குபவர் தன் வங்கியை அழைக்க வேண்டும். மின்னஞ்சலில் விளக்கம் எழுதிக்கொண்டிருக்கும் நேரமல்ல அது.

8. வலைத்தளம்

இப்போது செய்யலாம். பொருள் தாளில் உள்ளதைப் பக்கமாக்கினால் போதும்: படம், பெட்டி அளவு, பெட்டிக்கு எத்தனை, குறைந்தபட்ச ஆர்டர், எச்.எஸ். ஆறு இலக்கம், சான்றிதழ்கள். "உலகத் தரம்" என்பது போன்ற வரிகளால் ஒரு வாங்குபவரும் முடிவெடுப்பதில்லை. விசாரணைப் படிவத்தில் வருவது நேராகப் பதிவேட்டுக்குப் போகட்டும். இயந்திர மொழிபெயர்ப்பில் பொருளின் தொழில்நுட்ப விவரத்தை அந்த மொழி தெரிந்தவர் பார்க்காமல் வெளியிடாதீர்கள்.

9. பலன் வந்ததா என்று எப்படித் தெரியும்

ஏற்றுமதித் தொகை கூடியதை மட்டும் வைத்துத் தொழில்நுட்பத்துக்கு மாலை போடாதீர்கள். நாணய மாற்று விகிதம், கப்பல் கட்டணம், ஒரே ஒரு பெரிய வாங்குபவர் எல்லாம் அந்தத் தொகையை ஆட்டும். நடுவில் உள்ளதை அளவிடுங்கள்: முதல் பதிலுக்கு ஆன நேரம், நாடுவாரியாக எத்தனை கொட்டேஷனுக்கு எத்தனை ஆர்டர், ஒரு சரக்குக்கு எத்தனை ஆவணத் திருத்தம், சரக்கு ஏறியதிலிருந்து பணம் வர எத்தனை நாள், மறுபடி வாங்கியவர்கள் எத்தனை பேர்.

பதில் நேரத்துக்குச் சராசரி எடுக்க வேண்டாம். மூன்று வாரம் மறந்துபோன ஒரே விசாரணை சராசரியைக் கெடுத்துவிடும். வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். அந்த மறந்துபோன விசாரணை ஏன் மறந்தது என்று தனியாகப் பாருங்கள்.

இவை நல்ல பக்கம் நகர்ந்த பின், மொத்த விற்பனையில் ஏற்றுமதியின் பங்கு, எத்தனை நாடுகள், பெரிய வாங்குபவர் ஒருவரின் பங்கு ஆகியவற்றை ஆண்டுக்கொருமுறை பார்த்தால் போதும். முதல் வரிசை எண்கள் முன்னேறியும் ஏற்றுமதி கூடவில்லையென்றால் குறை கணினியில் இல்லை. பொருளிலோ விலையிலோ தேர்ந்தெடுத்த சந்தையிலோ இருக்கிறது. பதிவேட்டின் தோல்விக் காரணங்களைப் படியுங்கள்.

10. மென்பொருள் வாங்குவது

விரிதாளை ஒரே நேரத்தில் பலர் திறந்து மோதுகிறார்கள், அல்லது யார் எதை மாற்றினார் என்று தெரியவில்லை என்ற நிலை வந்தால் வாங்குங்கள். அதுவரை பொறுங்கள்.

விற்பவரின் செயல்விளக்கத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். இரண்டாம் படியில் எடுத்த அதே பழைய ஆர்டரை, உங்கள் ஆளே உட்கார்ந்து, தொடக்கம் முதல் முடிவு வரை அதில் ஓட்டிப் பார்க்கட்டும். வெளிநாட்டு நாணயம், பாதிச் சரக்கு முதலில் பாதி பிறகு என்ற அனுப்புமுறை, முன்பணம் கழிப்பது ஆகிய மூன்றிலும்தான் பல மென்பொருள்கள் தடுமாறும்.

கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி: நாளைக்கு விலகினால் என் தரவு முழுதையும் சி.எஸ்.வி. கோப்பாக (எந்த விரிதாளிலும் திறக்கும் எளிய கோப்பு) நானே எடுக்க முடியுமா? "எங்கள் குழு எடுத்துத் தரும்" என்பது இல்லை என்ற பதிலுக்குச் சமம். முடியும் என்றால், முன்னோட்டக் காலத்திலேயே எடுத்துப் பாருங்கள், எச்.எஸ். குறியீட்டின் முன் பூஜ்யம் தப்பியதா என்பது உட்பட.

மாறும்போது அடுத்த சில சரக்குகளுக்குப் பழைய விரிதாளும் புதிய மென்பொருளும் இணையாக ஓடட்டும். இரண்டின் இன்வாய்ஸும் ஒத்துப்போன பிறகே பழையதை மூடுங்கள். காப்புப் பிரதிகள் மூன்று, இரண்டு வகை ஊடகத்தில், அதில் ஒன்று வேறு இடத்தில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பழைய சரக்கின் கோப்புறையைக் காப்புப் பிரதியிலிருந்து மீட்டெடுத்து, பில் ஆஃப் லேடிங் திறக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சோதனையைக் காப்புப் பிரதி எடுப்பவர் செய்யக் கூடாது. இன்னொருவர், எழுதி வைத்த குறிப்பை மட்டும் பார்த்துச் செய்ய வேண்டும்.